அடி பேணல்

(அவிநாசிபாளையத்தில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இலக்கிய விழாவில் பாத நோய்களைப் பற்றிய பேச்சா என்னும் வியப்பு அவையோருக்கு எழலாம். ஆயினும் தமிழ் இலக்கியத்தைப் போல் அடியைப் போற்றிய இலக்கியம் அரிது. பாடிய அடியைப் பேணவும் தமிழர் கற்றனரா என்பதே இவ்வுரையின் வினா.

இலக்கியத்தில் அடி

திருக்குறளின் கடவுள் வாழ்த்தில் உள்ளவை பத்துக் குறள்கள். அவற்றுள் ஏழில் வள்ளுவர் இறைவனின் அடியையோ தாளையோ குறிப்பிடுகிறார். முகத்தையும் கையையும் விடுத்து அடியையே அவர் மீண்டும் மீண்டும் நாடுவது எண்ணத்தக்கது. காலில் அணியும் ஓர் அணிகலனின் பெயரையே காப்பியத்துக்குச் சூட்டினார் இளங்கோவடிகள். புகாரிலிருந்து மதுரை வரை நடந்த கண்ணகியின் சிறிய அடிகள் வழிநடையால் சிவந்து வருந்திய செய்தி வேட்டுவ வரியின் தொடக்கத்திலேயே இடம்பெறுகிறது. கயிலை காணச் சென்ற அப்பரடிகள் பாதம் தேய்ந்த பின் கையால் தவழ்ந்தும், கையும் தேய்ந்த பின் மார்பால் ஊர்ந்தும் சென்றதைச் சேக்கிழார் பாடுகிறார். பரதனோ அண்ணனின் பாதுகைகளை அரியணையில் ஏற்றி, அவற்றின் பெயரால் நாடாண்டான்.

இவ்வாறு இறைவனின் அடியும் காப்பிய மாந்தரின் அடியும் போற்றப்பட்டன. உழைக்கும் மனிதர் தம் அடியை மட்டும் மறந்துபோயினர். இக்கொங்கு நாட்டில் ஓர் உண்மையை எவரும் அறிவர். காங்கயம் காளையை வண்டியில் பூட்டும் உழவர் அதன் குளம்புக்கு லாடம் அடிக்கத் தவறுவதில்லை. காளை சற்றே நொண்டினாலும் அன்றைக்கே வண்டியை நிறுத்திக் குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். அதே உழவர் தம் குதிகால் பிளந்து குருதி கசிந்தாலும் ‘சரியாகப் போய்விடும்’ என்று வரப்பில் நடப்பார். மாட்டுக்குக் காட்டிய பரிவைத் தமக்குக் காட்டிக்கொள்ளாத எளிய மக்கள் இவர்கள்.

பாதத்தின் கட்டமைப்பு

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. இரு பாதங்களுக்குமாக 52. மனித உடலின் எலும்புகள் 206 என்பதால், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கணுக்காலுக்குக் கீழேயே அமைந்துள்ளது. இவற்றை 33 மூட்டுகளும் நூற்றுக்கும் மேற்பட்ட தசைகளும் தசைநாண்களும் தசைநார்களும் பிணைத்து நிற்கின்றன. குதிகாலிலிருந்து விரல்களின் அடி வரை வில்லின் நாண் போல் ஒரு தடித்த சவ்வு இழுத்துக் கட்டப்பட்டுள்ளது. பாதத்தின் வளைவைத் தாங்குவது இதுவே. ஓர் அடி எடுத்து வைக்கும்போது பாதம் முதலில் நெகிழ்ந்து நிலத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அமைகிறது. அடுத்த நொடியில் இறுகி, உடலை முன்னே தள்ளும் நெம்புகோலாகிறது. ஒரே உறுப்பு மெத்தையாகவும் நெம்புகோலாகவும் மாறி மாறிப் பணி செய்வதாலேயே அதில் ஏற்படும் சிறு பழுதும் நடையைக் கெடுக்கிறது. நடை கெட்டால் முழங்காலும் இடுப்பும் முதுகும் அடுத்தடுத்து வலிக்கத் தொடங்கும்.

இவ்வட்டாரத்துப் பாதங்கள்

திருப்பூர்–தாராபுரம் சாலையில் உள்ள இவ்வூரையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் நோக்கினால், பாதத்தை வருத்தும் தொழில்கள் எத்தனை என்பது விளங்கும். செக்கிங் பிரிவில் பெண்கள் மேசை முன் நின்றபடியே துணியைப் புரட்டிக் குறை காண்கின்றனர். அயர்ன் மாஸ்டரும் கட்டிங் மாஸ்டரும் நின்றே பணி செய்கின்றனர். பவர் டேபிளில் அமர்ந்து தைப்பவர் அமர்ந்திருப்பினும் அவருடைய ஒரு பாதம் நாள் முழுதும் மிதியை அழுத்திக்கொண்டே இருக்கிறது. பல்லடம் பக்கத்துத் தறிக்கூடங்களில் நெசவாளர் தறிகளுக்கு இடையே இரவும் பகலும் நடக்கிறார். சாயப்பட்டறைத் தொழிலாளரின் கால்கள் ஈரத் தரையில் ஊறுகின்றன. ஒன்றரை ஷிப்ட் என்றால் ஏறத்தாழ 12 மணி நேரம். பல கூடங்களில் துணி அழுக்காகிவிடும் என்று செருப்பை வாயிலிலேயே விட்டு, சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் நிற்பதும் வழக்கம்.

இத்தகைய வாழ்வில் அடிக்கடி தோன்றும் குறைகளை ஒவ்வொன்றாகக் காணலாம்.

முதலாவது குதிகால் வலி. காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது ஊசி குத்தியதுபோல் வலிக்கும். சிறிது நடந்தால் குறையும். நெடுநேரம் நின்ற பின் மீண்டும் வரும். முன்னர்க் கூறிய நாண் போன்ற சவ்வு குதிகால் எலும்புடன் சேரும் இடம் நைந்துபோவதால் இது வருகிறது. ‘எலும்பு வளர்ந்துவிட்டது’ என்று பலர் அஞ்சுவர். எக்ஸ்ரே படத்தில் தெரியும் அச்சிறு முள் பெரும்பாலும் வலிக்குக் காரணமன்று. வலியே இல்லாதவர் பலருக்கும் அது உண்டு. கெண்டைக்கால் தசையையும் பாதத்தின் அடிச்சவ்வையும் நாள்தோறும் நீட்டிப் பயிற்சி செய்தல், மெத்தென்ற செருப்பு அணிதல், மிகுந்த உடல் எடையைக் குறைத்தல் ஆகியவற்றால் பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் குணமாகிவிடும்.

இரண்டாவது பித்தவெடிப்பு. பெயரில் பித்தம் இருப்பினும் பெரும்பாலும் இதற்குக் காரணம் வறட்சியும் அழுத்தமுமே. குதிகாலின் விளிம்பில் தோல் தடித்து, ஈரம் இழந்து, உடலின் எடையால் பிளக்கிறது. பின்பக்கம் திறந்த செருப்பும் வெறுங்கால் நடையும் இதனை வளர்க்கின்றன. இரவில் பாதத்தைக் கழுவித் துடைத்து எண்ணெயோ வாசலினோ தடவினால் பெரும்பாலும் அடங்கும். ஆழமாகப் பிளந்து குருதி கசிந்தால் அது கிருமிகளுக்குத் திறந்த வாயில்.

மூன்றாவது கால் ஆணி. ஓரிடத்தில் தொடர்ந்து அழுத்தம் விழும்போது தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. தடித்த தோலே பின்னர்க் கூழாங்கல் போல் உள்ளே அழுத்துகிறது. பலர் இதனைப் பிளேடால் சீவுகின்றனர். சிலர் மருந்துக் கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டுகின்றனர். அதில் தோலைக் கரைக்கும் அமிலம் உள்ளது. அது ஆணிக்கும் நல்ல தோலுக்கும் வேறுபாடு அறியாது. நீரிழிவு உள்ளவர் அதனைத் தொடவே கூடாது. அழுத்தத்தின் காரணத்தைக் களையாமல் ஆணியை மட்டும் அகற்றினால் அது மீண்டும் வரும்.

நான்காவது சேற்றுப்புண். விரலிடுக்குகளில் ஈரம் தங்குவதால் பூஞ்சை வளர்ந்து தோல் வெளுத்துப் பிளக்கிறது. சாயப்பட்டறையிலும் வயலிலும் பணி செய்வோருக்கும், மூடிய காலணியை நாள் முழுதும் அணிவோருக்கும் இது மிகுதி. இடுக்குகளை உலர்வாக வைப்பதே பாதி மருத்துவம். மீதிக்குப் பூஞ்சை ஒழிக்கும் களிம்பு போதும்.

ஐந்தாவது நகக் கோளாறு. நகத்தின் ஓரங்களை வளைத்து ஆழமாக வெட்டுவதால், வளரும் நகம் சதைக்குள் புகுந்து சீழ் கோக்கிறது. நகத்தை நேர்க்கோடாக வெட்டுதல் என்னும் ஒரே பழக்கம் இத்துன்பத்தில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடும்.

ஆறாவது நரம்புச் சுருள். பெயர் நரம்பு என்றாலும் சுருண்டு புடைப்பவை இரத்தக் குழாய்களே. நெடுநேரம் அசையாமல் நிற்பவர்க்குக் காலின் குருதி மேலேறுவது தடைப்பட்டுக் குழாய்கள் வீங்குகின்றன. கவனியாது விட்டால் கணுக்காலின் உட்புறத்தில் தோல் கறுத்து, ஆறாத புண்ணாகும்.

இவற்றோடு முள் தைத்தலையும் சேர்க்க வேண்டும். 1842ஆம் ஆண்டில் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்னும் மருத்துவர், பாதம் வீங்கிப் பல கண்களுடன் சீழ் வடியும் ஒரு நோயைப் பதிவு செய்தார். 1846இல் கோல்புரூக் என்பார் அதற்கு ‘மதுரைப் பாதம்’ என்று பெயரிட்டார். மண்ணில் வாழும் பூஞ்சையும் சிலவகைக் கிருமிகளும் முள் குத்திய சிறு துளை வழியே உட்புகுந்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து, எலும்பையும் அரிக்கும் நோய் அது. வலி மிகுதியாக இராததால் வெறுங்காலோடு நடக்கும் ஏழை உழவர் காலம் கடந்தே மருத்துவரிடம் செல்கின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில்தான் அதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கண்ணகி அடி சிவக்க நடந்து சேர்ந்த அந்நகரின் பெயர் உலக மருத்துவ நூல்களில் ஒரு பாத நோயின் பெயராக நிலைத்திருப்பது, வெறுங்கால் வாழ்வின் துயரத்துக்குச் சான்று.

கொல்லிமலையில் வளர்ந்த மருத்துவர்

மேலே கூறியவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொது இயல்பு உண்டு. வலிக்கும், வலிப்பதால் மனிதர் கவனிப்பர். வலியே இல்லாத பாதம்தான் எல்லாவற்றிலும் கொடியது. இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர், வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் வளர்ந்த ஒருவர் என்பது தமிழர் அறிய வேண்டிய செய்தி.

பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டில், கொல்லிமலையில் தொண்டாற்றிய ஆங்கிலேயப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். இங்கிலாந்தில் மருத்துவம் கற்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் மருத்துவரும் நம்பினர். பிராண்ட் ஐயுற்றார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முயன்று அவரால் இயலவில்லை. தொழுநோய் கண்ட சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதில் திருப்பிவிட்டான். அவனுடைய விரலைப் பார்த்தபோது தோல் கிழிந்து எலும்பு தெரிந்தது. அவனோ அதனை அறியவில்லை. சிறுவனுக்குப் பேராற்றல் ஏதும் இல்லை. ‘போதும்’ என்று தடுக்கும் வலி இல்லை, அவ்வளவே.

மற்றொரு செய்தி இன்னும் துயரமானது. இரவில் நன்றாக இருந்த விரல் காலையில் காணாமற் போயிற்று என்று சில நோயாளர் முறையிட்டனர். காத்திருந்து பார்த்தபோது, உறங்குபவரின் உணர்வற்ற விரலை எலி கடிப்பது தெரிந்தது. அதன்பின் வீடு திரும்பும் நோயாளர்க்குப் பூனை ஒன்றும் கொடுத்தனுப்பப்பட்டது. நோய் தின்றதாக உலகம் எண்ணிய விரல்களைக் காயமும் தீயும் எலியும் தின்றிருந்தன. நோய் பறித்தது வலி என்னும் காவலனை மட்டுமே.

இவ்வுண்மை தெளிந்தபின் பிராண்டும் அவர்தம் குழுவினரும் பாதத்தின்பால் கவனம் திருப்பினர். உணர்வுள்ள மனிதர் நெடுந்தொலைவு நடக்கையில் ஓரிடம் நோகத் தொடங்கியதும் தம்மை அறியாமலே எடையை வேறிடத்துக்கு மாற்றுவர். உணர்வற்றவர் மாற்றுவதில்லை. ஒரே இடத்தில் ஆயிரம் அடிகள் விழும்போது அங்கே தோலுக்கு அடியில் சதை நைந்து புண்ணாகிறது. ஆகவே மருந்தைவிட அழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கும் செருப்பே முதல் தேவை என்று அவர்கள் கண்டனர். நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு இவ்வாறு வேலூர்ப் பகுதியிலிருந்து பரவியது. 1955இல் தொடங்கப்பெற்ற கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இப்பணியைத் தொடர்ந்தது. புண்பட்ட பாதத்தை அதன் வடிவோடு ஒட்டிய மாவுக்கட்டினால் மூடி அழுத்தத்தைப் பரப்பினால் புண் தானே ஆறுவதும் தெரிந்தது.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் நகருக்குச் சென்றார். அங்கே நீரிழிவு நோயாளரின் பாதப்புண்களைக் கண்டபோது அவருக்கு வேலூர் நினைவுக்கு வந்தது. காரணம் வேறு, உணர்வற்ற பாதம் ஒன்றே. தொழுநோயாளரிடம் கற்ற செருப்பும் மாவுக்கட்டும் உலகெங்கும் உள்ள நீரிழிவு நோயாளரின் கால்களைக் காக்கும் முறைகளாயின. ஊரார் ஒதுக்கிவைத்த தமிழ்நாட்டு ஏழைகளின் பாதங்களே உலகுக்குப் பாடநூல் ஆயின என்று கூறுவது மிகையன்று.

பிராண்டின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி காப்பியச் சுவை உடையது. பயணக் களைப்போடு இலண்டன் வந்த ஓர் இரவில் காலுறையைக் கழற்றியபோது தம் குதிகாலில் உணர்வு இல்லை என்று அவருக்குத் தோன்றியது. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று எண்ணி இரவெல்லாம் உறங்காது கிடந்தார். விடிந்ததும் துணிந்து மீண்டும் ஊசியால் குத்தினார். சுரீரென்று வலித்தது. நெடுநேரம் அமர்ந்த பயணத்தில் நரம்பு அழுந்தி மரத்திருந்ததே காரணம். அந்த வலிக்காக அவர் இறைவனுக்கு நன்றி கூறினார். 2003இல் மறையும் வரை, வலி ஒரு கொடை என்பதையே அவர் பேசியும் எழுதியும் வந்தார்.

நீரிழிவும் மரத்த பாதமும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2023இல் வெளியாயிற்று. இந்தியாவில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10.1 கோடி என்று அது மதிப்பிட்டது. குருதியில் மிகுந்த சர்க்கரை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் நுண்ணிய நரம்புகள் பழுதடைகின்றன. உடலில் மிக நீண்ட நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. ஆதலால் கேடு அங்கேயே தொடங்குகிறது. முதலில் எரிச்சல், பின்னர் மதமதப்பு, இறுதியில் உணர்வின்மை. எரிச்சல் நின்றதும் நோய் குணமாயிற்று என்று மகிழ்பவர் உண்டு. காவலன் உறங்கிவிட்டான் என்பதே அதன் பொருள். குருதிக் குழாய்களும் குறுகுவதால் புண் ஆறுவது தாமதமாகிறது. நீரிழிவால் கால் இழப்பவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேருக்கு முதலில் வந்தது ஒரு சிறு புண்ணே என்பது மருத்துவ உலகம் ஏற்ற கணக்கு.

அவையோர் ஒரு பெண்மணியை எண்ணிப் பார்க்கலாம். அவருக்குப் பெயர் வேண்டியதில்லை. இவ்வட்டாரத்தின் எந்தத் தெருவிலும் அவர் இருக்கக்கூடும். வயது ஐம்பதை நெருங்குகிறது. எட்டாண்டுகளாகச் சர்க்கரை நோய். செக்கிங் மேசையின் முன் நாள்தோறும் நிற்கிறார். செருப்பின் அடியைத் துளைத்த சிறு ஆணி ஒன்று பெருவிரலின் கீழே குத்துகிறது, அவர் அறியவில்லை. வாசலில் சிவப்புத் தடம் கண்டு, ‘அம்மாயி, உங்க கால்ல ரத்தம்’ என்று பேத்தி சொன்ன பிறகே தெரிகிறது. வலிக்கவில்லை, ஆகவே மஞ்சளைக் குழைத்துப் பூசுகிறார். ஏற்றுமதிச் சரக்குப் போகும் வாரம். விடுப்பு எடுத்தால் சனிக்கிழமைச் சம்பளம் குறையும். இரண்டாம் வாரம் துணியைச் சுற்றிக்கொண்டு போகிறார். நாற்றம் எழுந்ததும் அருகில் நிற்பவர் அறியக் கூடாதென்று பவுடர் தூவுகிறார். மூன்றாம் வாரம் விரல் கறுக்கிறது, காய்ச்சல் வருகிறது. அதன்பின் மருத்துவமனை, கடன், விரல் நீக்கம். பாதத்தின் பகுதியே போவதும் உண்டு. நின்று செய்யும் வேலை ஒன்றே அறிந்த அவருக்கு அதன்பின் எந்த மேசை இடம் தரும்?

இக்கதையில் கொடியவர் எவரும் இல்லை. முதல் நாளே புண் கழுவப்பட்டு, செருப்பு மாற்றப்பட்டு, அவ்விடத்தில் எடை விழாது காக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் சில வாரங்களில் ஆறியிருக்கும். வலி இல்லை என்பதைச் சிறிய புண் என்று பொருள் கொண்டதே பிழை. நீரிழிவு உடையவரைப் பொறுத்தவரை வலிக்காத புண்ணே பெரிய புண்.

பாத மருத்துவர் செய்வன

பாதத்துக்கென்று தனி மருத்துவர் உண்டு. மேலைநாடுகளில் அவரைப் போடியாட்ரிஸ்ட் என்பர். பாதம், மருத்துவர் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆனது அப்பெயர். 1895இல் நியூயார்க்கில் அவர்கள் ஒரு சங்கமாகத் திரண்டனர். 1911இல் அந்நகரிலேயே ஒரு கல்விக்கூடமும் தோன்றியது. இந்தியாவில் அது தனித் தொழிலாக இன்னும் பரவலாக வேரூன்றவில்லை. நீரிழிவு மருத்துவர், அறுவை மருத்துவர், எலும்பு மருத்துவர், பயிற்சி பெற்ற செவிலியர், செருப்பு வடிவமைப்பாளர் ஆகியோர் சேர்ந்தே அப்பணியைச் செய்கின்றனர். சென்னை இராயபுரத்தில் பேராசிரியர் எம். விசுவநாதன் 1954இல் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனை பாதம் காக்கும் பணியில் பெயர் பெற்றது. தமிழ்நாடு அரசும் அண்மை ஆண்டுகளில் ‘பாதம் பாதுகாப்போம்’ என்னும் திட்டத்தை அரசு மருத்துவ நிலையங்கள் வழியே மேற்கொண்டுள்ளது. திருப்பூரில் 2022ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றுள்ளதால், எதற்கும் கோவைக்கு ஓட வேண்டியிருந்த நிலையும் மாறி வருகிறது.

பாத மருத்துவர் முதலில் செய்வது தேய்ந்த செருப்பைப் படிப்பது. பழைய ஏட்டை ஆய்வாளர் படிப்பதுபோல், செருப்பின் எந்த ஓரம் தேய்ந்துள்ளது, எந்த விரலின் தடம் ஆழமாகப் பதிந்துள்ளது என்று பார்த்தே நடையின் குறையைக் கணிப்பார். அடுத்து, பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையால் பாதத்தின் சில இடங்களைத் தொட்டு உணர்வைச் சோதிப்பார். இசைக்கவையை எலும்பின்மேல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். பாதத்தின் மேற்புறத்தில் நாடி பார்ப்பார். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவார். இவை எவற்றிலும் வலி இல்லை. ஆகும் காலமும் சில மணித்துளிகளே.

சிகிச்சையும் பெரும்பாலும் எளியதே. தடித்த தோலைத் தூய்மையான கருவியால் சீவுதல், சதைக்குள் புகுந்த நகத்தின் ஓரத்தை மரக்கச் செய்து அகற்றுதல், தட்டைப் பாதத்துக்குத் தக்க உள்மெத்தை அமைத்தல், புண்ணின் அழுகிய பகுதியை நீக்குதல், அவ்விடத்தில் எடை விழாதபடி கட்டுப் போடுதல், புண் ஆறியபின் தக்க செருப்பைத் தேர்ந்து கொடுத்தல் ஆகியவை அவர் பணிகள். குருதியோட்டம் குறைந்திருந்தால் இரத்தக் குழாய் வல்லுநரிடம் உடனே அனுப்புவார்.

வீட்டிலும் தொழிற்கூடத்திலும்

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்றை இங்கிலாந்தின் இப்சுவிச் நகர மருத்துவர்கள் வகுத்துள்ளனர். கருவி எதுவும் வேண்டா. நீரிழிவு உடையவர் கண்ணை மூடிக்கொள்ள, வீட்டார் ஒருவர் ஒவ்வொரு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியை ஆட்காட்டி விரலால் மெல்ல ஓரிரு நொடி தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டதை உணர்ந்தவுடன் அவர் ‘வலம்’, ‘இடம்’ என்று சொல்ல வேண்டும். ஆறு தொடுகைகளில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிடில் உணர்வு குறைந்துள்ளது என்று கொண்டு மருத்துவரை நாட வேண்டும். பேரன் பேத்தியர்க்கு இது விளையாட்டு. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் கால் காக்கும் காவல்.

நாள்தோறும் செய்யத்தக்கனவும் சில உண்டு. இரவில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குகளை உலரத் துடைத்து, அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். எண்ணெயைக் குதிகாலில் தடவலாம், இடுக்குகளில் தடவலாகாது. செருப்பை உதறி, உள்ளே கைவிட்டுப் பார்த்து அணிய வேண்டும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். ஆதலால் புதுச் செருப்பை மாலையில் வாங்குவதே நன்று. வெந்நீரில் கால் வைக்குமுன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். பேருந்தில் எஞ்சின் மூடியருகே மரத்த பாதத்தை வைத்து வெந்துபோனவர்கள் உண்டு. பாதம் வீங்கும் பெண்கள் மெட்டி விரலை அறுக்கிறதா என்று நோக்க வேண்டும். ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வலியின்றி வீங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும்; உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

தைப்பூசத்தின்போது இச்சாலைகளில் பழனிக்கு நடப்போர் பல்லாயிரவர். வேண்டுதலை மாற்றிக்கொள்ளச் சொல்வது எவருக்கும் உரியதன்று. ஆயினும் மரத்த பாதம் உடையவர், பழகிய காலணியும் பருத்திக் காலுறையும் அணிந்து நடந்து, மலையடிவாரத்தில் அவற்றைக் கழற்றினால் முருகன் சினவான். கொதிக்கும் தாரில் வெந்த பாதத்தைவிட, ஆண்டுதோறும் நடந்து வரக்கூடிய பாதமே அவனுக்கு உகந்த காணிக்கை.

தொழிற்கூட உரிமையாளர்க்கும் ஒரு விண்ணப்பம். நின்று பணி செய்வோரின் காலடியில் ஒரு ரப்பர் விரிப்பு, இடையிடையே அமர ஒரு முக்காலி, கூடத்துக்குள் மட்டும் அணியத் தூய செருப்பு, ஈரம் உள்ள இடத்தில் பூட்ஸ், ஆண்டுக்கு ஒருமுறை பாதச் சோதனை ஆகியவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. ஓர் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும் கவனத்தில் ஒரு பங்கு போதும். உலகம் அணியும் பனியனைத் தைத்துத் தரும் மக்கள் வெறுங்காலோடு நிற்பது இவ்வூருக்குப் பெருமை ஆகாது.

நிறைவு

அவிநாசி என்னும் சொல்லுக்கு அழிவில்லாதது என்பது பொருள். அப்பெயரைத் தாங்கிய இவ்வூரில் வாழ்வோரின் உடல் அழியக்கூடியதே. ஆனால் தவிர்க்கக்கூடிய அழிவைத் தவிர்ப்பது அறிவுடையோர் கடன். இவ்விலக்கிய வட்டம் பத்தாண்டுகளாகத் தமிழை இவ்வூர்த் தெருக்களுக்குக் கொண்டு வந்துள்ளது. பதினோராம் ஆண்டில், ஒரு மாலைப் பொழுதையேனும் பாதச் சோதனை முகாமுக்கு ஒதுக்குமானால் அதுவும் தமிழ்த் தொண்டே ஆகும்.

இவ்வரங்கின் வாயிலில் நூற்றுக்கணக்கான செருப்புகள் கழற்றி வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஒருவருடைய உழைப்பின் ஏடு. விழா முடிந்து புறப்படும்போது, ஒவ்வொருவரும் தம் செருப்பை அணியுமுன் ஒருமுறை திருப்பி அதன் அடியைப் பார்க்க வேண்டும். இல்லம் சேர்ந்ததும் விளக்கொளியில் தம் அடியையும், தம் வீட்டு முதியோரின் அடியையும் பார்க்க வேண்டும். முதியோரின் காலைத் தொட்டு வணங்கும் பண்பு இந்நாட்டில் இன்றும் உண்டு. தொடும் அக்கணத்தில் ஒரு நொடி நின்று, அந்தக் காலில் புண் உண்டா என்று நோக்குவதே அவ்வணக்கத்தின் முழுப்பொருள்.